பெயரேடும் புள்ளியும்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்காக உறுப்பினர் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துத் தரும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பெற்றது. கட்டுரை ஒன்று கேட்டிருந்தால் அம்மையாரின் அந்தாதி பற்றி எழுதியிருப்பேன். இரண்டு இரவுகளில் முடிந்திருக்கும். பட்டியலோ ஒரு திங்களை விழுங்கிவிட்டது. அந்தத் திங்களில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்குக் கட்டுரையாகத் தருகிறேன். கவிஞர்கள் நிறைந்த அவையில் கணினிக் கோப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்ற தயக்கம் எழுந்ததுண்டு. ஆனால் செய்தி முழுவதும் எழுத்தையும் புள்ளியையும் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

வட்டம் தொடங்கிய ஆண்டில் ஒரு கணினி அச்சு நிலையத்தில் கொடுத்து ஏற்றிய பட்டியல் அது. வரிக்கு ஓர் உறுப்பினர். வரிசை எண், பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, தொலைபேசி எண் என ஐந்து செய்திகள். செய்திக்கும் செய்திக்கும் நடுவே ஒரு காற்புள்ளி. வேறு அலங்காரம் இல்லாத வெறும் உரைக்கோப்பு. அதனை அட்டவணையாகத் திறந்தபோது 17-ஆம் எண்ணுக்கு நேரே பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்த எண்ணுக்கு உரியவரை மூத்த உறுப்பினர்கள் அறிவர். நம் முதற்கூட்டத்தில் கவிதை வாசித்தவர். இன்று நம்மிடையே இல்லை. மறைந்தோர் நினைவுப் பக்கத்துக்காகப் பெயர்களைத் தொகுத்த செயலி, பெயரற்ற வரி என்று அவரை விலக்கியிருந்தது. பாரிசில் வாழும் அவர் மகளுக்குக் கோப்பையும் எழுத்துருவையும் அனுப்பி, அங்கே எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “அப்பா பெயர் நாலு துண்டாக் கிடக்குது அக்கா” என்றார். ஒரே கோப்பு இங்கு ஒரு விதமாகவும் அங்கு வேறு விதமாகவும் சிதைந்திருந்தது. காரணத்தைத் தேடப் புகுந்த நான், பெயரேடுகளின் வரலாற்றுக்குள் சென்று சேர்ந்தேன்.

இரண்டு ஆட்சி, இரண்டு எழுத்துக்கூட்டல்

ஒரு பெயரை இரண்டு முறைமைகளில் பதிவு செய்வதால் வரும் இன்னல் காரைக்காலுக்குப் புதிதன்று. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அந்த இரு நூற்றாண்டுகளில் நம் முன்னோர் பிறந்ததும் மணந்ததும் இறந்ததும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் எழுதப்பட்டன. அப்பதிவேட்டின் ஒழுங்கு வியப்புக்குரியது. பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே பின்னாளில் நிகழ்ந்த திருமணம் முதலியவை குறிக்கப்பெறும். ஏடு ஒரு படியோடு நில்லாது. குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி பிரான்சுக்கும் அனுப்பப்பெற வேண்டும் என்று 1776-ஆம் ஆண்டின் அரசாணை விதித்தது. கடலும் கரையானும் தின்றது போக எஞ்சியவை பலவற்றை இன்றும் தேட முடிவது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஆனால் எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு வழக்கில் அமைந்தது. முத்து என்னும் பெயரை ஆங்கில ஏடு ஐந்து எழுத்துகளில் எழுதும். பிரெஞ்சு ஏடு ஏழு எழுத்துகளில் எழுதும். உகரத்துக்கு அவர்கள் இரண்டு எழுத்துகள் கூட்டுவர். சின்னசாமியில் ஒற்றைச் சகரம் போட்டால் உயிர்களுக்கு நடுவே அது வேறு ஒலியாகிவிடும் என்று இரட்டிப்பர். மணிவண்ணன் என்று னகர ஒற்றில் முடித்தால் பிரெஞ்சு நாக்கு அதனை மூக்கொலியாக்கிவிடும். எனவே இறுதியில் ஒலியாத ஓர் எழுத்தைச் சேர்ப்பர். அந்த எழுத்தைத் தமிழர் ஒருபோதும் உச்சரித்ததில்லை. ஆயினும் தந்தையின் சான்றிதழில் அது இருந்து மகனின் சான்றிதழில் இல்லாவிட்டால், இருவரும் உறவினர்தாமா என்று ஓர் அலுவலர் கேட்கலாம். இங்கே பல வீடுகளில் இது நடந்த கதை.

பெயரின் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. குடும்பப்பெயர் ஒன்று, தனிப்பெயர் ஒன்று என இரு கட்டங்கள் கொண்டது பிரெஞ்சு முறைமை. தந்தை பெயரின் தலையெழுத்தை முன்னே சூடி நடக்கும் தமிழ்ப்பெயர் அதில் எங்கே அமரும்? 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படித் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் வழிவழியாக வரும் குடும்பப்பெயர் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. புதுவையில் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக 1873-இல் தடுக்கப்பட்டு, பாரிசு வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லா போர்த்’ என்ற பெயரை ஏற்றார். வாயில் என்பது அதன் பொருள். ஏட்டில் நிரப்பவேண்டிய ஒரு கட்டம், தலைமுறைகளுக்கு ஒரு பெயரை உண்டாக்கிவிட்டது.

கடவுச்சொல் ஏடு

இனிக் கணினிக்கு வருவோம். யூனிக்சு என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய காலம். உள்ளே வர உரியவர் யார் என்பதைக் கணினிக்குச் சொல்ல ஒரு பெயரேடு வேண்டியிருந்தது. அதனை எவரும் திறந்து படிக்கத்தக்க உரைக்கோப்பாகவே வைத்தனர். கடவுச்சொல் ஏடு என்று பெயர். வரிக்கு ஒருவர், முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள். புகுபெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், முழுப்பெயர் முதலிய குறிப்பு, அவருக்குரிய அடைவு, அவர் நுழைந்ததும் இயங்கவேண்டிய செயலி என்பன அவை. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் லினக்சு கணினிகளில் இந்த ஏழும் இதே வரிசையில் இருப்பதைக் காணலாம்.

ஏட்டின் நடுவில் உள்ள எண்ணே கணினிக்கு உண்மையான ஆள். பெயர் மனிதருக்காக வைத்த மொழிபெயர்ப்பு. சுழியம் என்ற எண்ணுடையவர் எப்பெயர் பூண்டிருந்தாலும் அவரே தலைவர். ஒரே எண்ணை மூன்று வரிகளில் மூன்று பெயர்களுக்கு எழுதினாலும் கணினி ஒருவராகவே கொள்ளும். புனிதவதி, காரைக்கால் பேய், அம்மையார் என மூன்று பெயர்களையும் ஒருவருக்கே உரியனவாய் அறிந்த நமக்கு இது விளங்காததன்று. ஒருவருடைய வரியை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டால், அவர் எழுதிய கோப்புகள் அழிவதில்லை. உரியவர் பெயர் தெரியவேண்டிய இடத்தில் வெறும் எண் மட்டும் தெரியும். இதனைக் கணினித்துறை மாணவர் ஒருவர் திரையில் எனக்குக் காட்டியபோது 17 என்ற எண் நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் புலத்துக்கு ஒரு கதை உண்டு. இன்று முழுப்பெயர் எழுதப்படும் அவ்விடத்தின் பெயர் ‘ஜீகாசு’. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெருங்கணினியில் இயங்கிய வேறோர் இயங்குதளத்தின் பெயர் அது. பெல் ஆய்வுக்கூடத்தார் அச்சுப் பணிகளை அந்தப் பெருங்கணினிக்கு அனுப்புவதுண்டு. அங்கே காட்டவேண்டிய அடையாளக் குறிப்பை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்காக ஒதுக்கிய புலம் இது. அந்தப் பெருங்கணினிகள் போய்விட்டன. பெயர் மட்டும் நிற்கிறது. நம் தெருப்பெயர்கள் சிலவற்றைப் போல.

முக்காற்புள்ளியை வேலியாக்கியதால், எந்தப் புலத்துள்ளும் முக்காற்புள்ளி வரலாகாது என்ற விதி பிறந்தது. ஐந்தாம் புலத்துக்குள்ளேயே பெயர், அறை, தொலைபேசி எனக் காற்புள்ளியால் மீண்டும் பிரிப்பதால் பெயரில் காற்புள்ளியும் கூடாதாயிற்று. வேலியாக நிற்கும் குறி விளைச்சலுக்குள் முளைக்கக்கூடாது. நம் பட்டியலின் நோயும் இதுவே.

எவரும் படிக்கலாம் என்ற திறந்த நிலை ஒரு தொல்லையையும் தந்தது. எண்ணைப் பெயராக்கிக் காட்ட ஒவ்வொரு செயலியும் ஏட்டைப் படிக்க வேண்டும். ஏட்டிலோ கடவுச்சொல்லும் இருக்கிறது. அதனைத் திரும்பப் பெற இயலாத மறைவடிவாக்கி எழுதினர். 1979-இல் இராபர்ட் மாரிசும் தாம்சனும் இம்முறையின் வலிமையையும் குறைகளையும் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். கணினிகள் விரைவு பெற்றபோது, ஏட்டைப் படியெடுத்து ஓய்வாக ஊகித்துப் பார்ப்பது எளிதாயிற்று. எனவே 1980-களில் மறைவடிவங்களை எவரும் படிக்க இயலாத வேறோர் ஏட்டுக்கு மாற்றினர். ‘நிழல்’ என்று அதற்குப் பெயர். மாறும் முன் படியெடுக்கப்பட்ட பழைய ஏடொன்று பிற்காலத்தில் பொதுவில் கிடைத்தது. அதிலிருந்த தாம்சனின் கடவுச்சொல் 2019-இல் விடுவிக்கப்பெற்றது. ராணியின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்கத் தொடக்கத்தைப் பழைய குறியீட்டில் எட்டே எழுத்துகளில் எழுதியிருந்தார். சங்கேதம் எழுதுவதில் அவர் நம்மவர்தாம் என்று தோன்றிற்று.

ஏட்டைக் கேட்பதா, கணக்கரைக் கேட்பதா

ஓர் இயங்குதளத்தின் பெயரேட்டை மற்றொன்றின் வழக்கத்தால் படிப்பவர் வழுக்கி விழும் இடங்கள் பல. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்சுக் கிளையில் மூல ஏட்டுக்குப் புலங்கள் ஏழல்ல, பத்து. அங்கே முழுப்பெயர் எட்டாவது. ஐந்தாம் புலத்தை எண்ணிப் பிடிப்பவர் பெயருக்குப் பதிலாக வேறொன்றைப் பெறுவார். மெக்கின்தாசு கணினியில் அந்த ஏடு இருக்கிறது. ஆனால் கணினியை அன்றாடம் பயன்படுத்துவோர் பெயர்கள் அதில் இரா. அவை வேறொரு கருவூலத்தில் உள்ளன. விண்டோசில் அவ்வாறான உரைக்கோப்பே இல்லை.

ஆகவே அறிந்தோர் ஏட்டை நேரே படிப்பதில்லை. “இன்ன பெயருடையவர் யார்?” என்று இயங்குதளத்தையே கேட்கின்றனர். அதற்கென அமைந்த செயற்கூறு, தன் தளத்தில் பெயர்கள் எங்கே எவ்வாறு இருக்கின்றன என்பதை அறிந்து விடை தரும். பழைய கிராமத்தில் நில விவரம் வேண்டியவர் கட்டைப் பிரித்துப் படிக்க முற்படுவதில்லை, கர்ணத்தைக் கேட்பார். கர்ணத்தின் சுருக்கெழுத்தும் குழிக்கணக்கும் கர்ணத்துக்கே வெளிச்சம். தமிழ்நாட்டில் 1980-இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. கேட்பதற்கு ஆள் இல்லாதபோது ஏட்டைத்தான் படிக்க வேண்டும். அந்த நிலையில்தான் நான் இருந்தேன்.

வரியின் முடிவைக் காட்டுவதிலும் ஒற்றுமை இல்லை. தொலைத்தட்டச்சுப் பொறியில் தலையை இடக்கோடிக்குக் கொணர்வது ஒரு கட்டளை. தாளை ஒரு வரி மேலே தள்ளுவது இன்னொரு கட்டளை. பொறி மறைந்த பின்னும் கட்டளைகள் மறையவில்லை. விண்டோசு இரண்டையும் எழுதுகிறது. யூனிக்சு இரண்டாவதை மட்டும். பழைய மெக்கின்தாசு முதலாவதை மட்டும் எழுதியது. விண்டோசில் திருத்திய கடவுச்சொல் ஏட்டை யூனிக்சுக்குக் கொண்டுசென்றால், ஒவ்வொரு வரியின் கடைசிப் புலத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். கடைசிப் புலம் செயலியின் பெயர் அல்லவா? அப்பெயரில் செயலி இல்லை என்று சொல்லிக் கணினி கதவடைக்கும். நம் பட்டியலை மாணவர் தம் லினக்சு கணினியில் திறந்தபோது, தொலைபேசி எண் ஒவ்வொன்றின் பின்னாலும் அந்த எச்சம் இருந்தது. பெயர் சிதைந்ததற்கு அது காரணமன்று.

இகரமும் மெய்யும்

காரணம் எழுத்துருவில் இருந்தது. அச்சகங்களில் நெடுங்காலமாக வழங்கும் பாமினி எழுத்துரு, தமிழுக்கெனத் தனி இடம் பெறாத காலத்தின் முறையைச் சேர்ந்தது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தினர். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். அந்த இருக்கைப் பங்கீட்டில் மெய்யின் தலைமேல் இடும் புள்ளி அரைப்புள்ளியின் இருக்கையைப் பெற்றது. இகரம் காற்புள்ளியின் இருக்கையைப் பெற்றது.

இதனை அறிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நம் நாட்டு வழக்கில் அமைந்த கணினி, அட்டவணைக் கோப்பில் காற்புள்ளியை வேலியாகக் கொள்ளும். எனவே பெயரில் இகரம் வந்த இடமெல்லாம் வேலி முளைத்தது. இளங்கோ என்பவர் இகரத்தை இழந்து ‘ளங்கோ’ ஆனார். ளகரம் மொழிக்கு முதலாகாது என்ற தொல்காப்பியர் விதியைக் கணினி அறியாது. 17-ஆம் எண்ணுக்கு உரியவரின் தலையெழுத்து இகரம். வரிசை எண்ணை அடுத்த காற்புள்ளியும் அவர் தலையெழுத்தும் அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளிகளாய் நின்றன. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஆகவே பெயர் இல்லை என்று கணினி முடிவு கட்டியது. தலையெழுத்தை இழந்த பெயர் ஊருக்குரிய கட்டத்துக்குத் தள்ளப்பட்டு, ஊர் ஆண்டின் இடத்தில் நின்றது. காற்புள்ளியுள்ள செய்தியை மேற்கோள் குறிக்குள் அடைத்துக் காக்கும் முறை உண்டு. நம் கோப்பில் அது செய்யப்படவில்லை.

பாரிசில் நிகழ்ந்தது இதன் மறுபுறம். பிரெஞ்சுக்காரர் பதின்மக் கணக்கில் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைப்பர். எனவே அந்நாட்டு வழக்கில் அமைந்த கணினிகள் காற்புள்ளியை எண்ணுக்கு விட்டுவிட்டு, அட்டவணைக்கு அரைப்புள்ளியை வேலியாகக் கொள்கின்றன. அங்கே மெய்யெழுத்துத்தோறும் பெயர் உடைந்தது. கண்ணப்பன் என்றால் கண, ணப, பன என்று மூன்று கட்டங்கள். காரைக்கால் என்னும் நம் ஊர்ப்பெயரும் ‘காரைக’ என்றும் ‘கால’ என்றும் இரண்டாய்ப் பிளந்தது. உண்மையில் வேலியாக நின்ற காற்புள்ளிகளோ அங்கே இகரங்களாகி, வரியெங்கும் பொருளின்றி இரைந்து கிடந்தன. மாலதி, சுமதி, வாணி போன்ற பெயர்களில் உடைவு இல்லை. அவற்றில் மெய் புள்ளி பெறவில்லை. ஆண்பாற் பெயர்கள் னகர, ரகர ஒற்றுகளில் முடிவதால் பெரும்பாலும் தப்பவில்லை. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இந்தப் பால்வேறுபாடு சிறிது சிரிப்பை வரவழைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தமிழுக்கெனத் தனி இருக்கைகள் கேட்டு நடந்த முயற்சிகளை இங்குச் சுருக்கியே சொல்ல இயலும். 1991-இல் வெளிவந்த யூனிக்கோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இந்திய மொழிகளுக்கான பொதுக்குறியீட்டை ஒட்டி அமைந்ததால் தமிழறிஞர் பலருக்கு அதில் மனக்குறை இருந்தது. புள்ளிக்கு ‘விராமம்’ என்ற வடமொழிப் பெயரே அதில் நிலைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். அதன் நூல்கள் ஒரு காலத்தில் தகுதரம் என்னும் குறியீட்டில் ஏற்றப்பட்டன. பின்னர் அவற்றை யூனிக்கோடுக்கு மாற்ற நேர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடு வேறு இரு குறியீடுகளை வகுத்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிக்கோடை ஏற்று ஆணையிட்டது. இவ்வளவுக்குப் பின்னும் அச்சகத்தில் பழைய எழுத்துரு ஓயவில்லை, விரல்கள் பழகிவிட்டன.

யூனிக்கோடிலும் ஒரு கண்ணி உண்டு. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒப்பிடும் கணினிக்குப் பொன்னுசாமி இருவர்.

பட்டியல் மீண்டது

மாணவர் செயலி எழுத முன்வந்தார். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. முதலில் எழுத்தை யூனிக்கோடாக மாற்றினால் வேலிக் காற்புள்ளிகளும் இகரமாகிவிடும். முதலில் வேலியைக் கொண்டு பிரித்தால் இகரங்கள் போய்விடும். எண்கள் மட்டும் இரு முறைமையிலும் எண்களாகவே நின்றன. ஆகவே வரியின் இடப்பக்கத்திலிருந்து வரிசை எண்ணையும், வலப்பக்கத்திலிருந்து தொலைபேசியையும் ஆண்டையும் முதலில் பிரித்தெடுத்தோம். எஞ்சியது பெயரும் ஊரும். நடுவே ஒரே காற்புள்ளி இருந்தால் ஐயமில்லை. இரண்டோ மூன்றோ இருந்த வரிகளில் எது வேலி, எது எழுத்து என்பதைச் செயலியால் சொல்ல முடியவில்லை. நானே பார்த்துப் பிரித்தேன்.

ஓலைச்சுவடியில் புள்ளி இடுவதில்லை; எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இல்லை. குறில் எகர ஒகரமும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்க அவற்றினின்று எவ்வாறு சீர் பிரித்திருப்பார் என்பதை வகுப்பில் பல முறை பேசியிருக்கிறேன். காற்புள்ளிகளின் முன்னே அமர்ந்திருந்த அந்தப் பிற்பகலில்தான் அவ்வுழைப்பின் ஒரு துளி என் கைக்கு எட்டிற்று.

17-ஆம் வரி ஒன்றே இறுதிவரை நின்றது. தலையெழுத்து இகரம் என்று ஒரு மூத்தவர் சொன்னார். எகரம் என்று இன்னொருவர் உறுதியாகச் சொன்னார். கோப்பில் இருந்ததோ இரண்டு காற்புள்ளிகள். அவற்றுள் ஒன்று கைதவறி இரு முறை அழுத்தியதாகவும் இருக்கலாமே என்று மூன்றாமவர் ஐயம் எழுப்பினார். மகளிடம் மீண்டும் கேட்டேன். தம் தந்தையின் பிறப்புப் பதிவின் படியை அவர் தேடி அனுப்பினார். 1954-க்கு முற்பட்டது, பிரெஞ்சில் எழுதியது. தந்தை பெயர், நம் தலையெழுத்துபோல் சுருங்காமல், முழுமையாக இருந்தது. ஒலியாத கடையெழுத்தோடு, உகரத்துக்கு இரண்டு எழுத்துகளோடு, இகரத்தில் தொடங்கும் பெயர்.

அவர் பெயர் தலையெழுத்தோடு நினைவுப் பக்கத்தில் அச்சாகியுள்ளது. பட்டியல் இப்போது யூனிக்கோடில், எந்தப் பெயரிலும் வர இயலாத தத்தல் குறியால் பிரிக்கப்பட்டு, முதல் வரியிலேயே புலங்களின் பெயர்களோடு உள்ளது. எழுத்துமுறை, பிரிகுறி, வரிமுடிவு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வட்டத்தின் அலமாரியில் வைத்திருக்கிறேன். உறுப்பினர்கள் மலரின் இறுதிப் பக்கங்களில் தத்தம் வரியைப் பார்த்து, பிழை இருப்பின் அடுத்த கூட்டத்துக்கு முன் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இகரத்தில் தொடங்கும் பெயருடையோர் இரண்டு முறை பார்க்க.